மூன்று விரல் தொய்வு

அத்தியாயம் ஏழு

"மூணு விரல்! மூணு விரல்தான்யா விட்டேன்! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?"

லாக்கப்பிலிருந்து கிளம்பிய அந்தக் குரல் காவல் நிலையத்தின் பின்முற்றம் வரை தெளிவாகக் கேட்டது. முற்றத்தின் மூலையில், தார்ப்பாய் விலக்கப்பட்ட டர்ட் பைக் ஒன்று காய்ந்த சேற்றோடு ஸ்டாண்டில் நின்றிருந்தது. முந்தைய நாள் அதை ஓட்டியவன் இப்போது பிணவறையில் கிடந்தான்.

"கேட்டீங்களா மேடம்? அவனே வாயால சொல்றான்," என்றார் இன்ஸ்பெக்டர். "செயினை லூசா விட்டேன்னு. கொஞ்சநஞ்சம் இல்ல, மூணு விரல் லூசு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"லூசா விட்டேன்னா சொன்னார்?"

"அதானே அர்த்தம்?"

"'மூணு விரல் விட்டேன்'னுதான் என் காதுல விழுந்தது. லூசுங்கிற வார்த்தை உங்களோடது சார்."

இப்படிப் பேசிய அம்மையாருக்கு ஸ்டெனோ என்று பெயர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராகப் பல்லாண்டு பணியாற்றியபின் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். எவர் எதைச் சொன்னாலும், சொன்னபடியே, ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் மனத்தில் இறக்கிக்கொள்வார். அவருக்குப் பின்னால் கோப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தவன் உதவியாளன் சில்லறை. முன்னாள் பேருந்து நடத்துநர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அவனிடம் மீதிக்காகக் காத்திருந்த பயணிகள்தாம் சொல்ல வேண்டும்.

வழக்கு இதுதான். மண்பாதைப் பந்தயத்தில் முதல் பெரிய மேட்டைத் தாண்டிக் குதித்த அந்த இளைஞனின் வண்டி, தரையைத் தொட்ட கணத்தில் செயின் அறுந்தது. அறுந்த செயின் எஞ்சின் பக்கம் சுருண்டு சிக்கியதில் பின்சக்கரம் நின்றுபோனது. தூக்கி எறியப்பட்டவன் மருத்துவமனை போய்ச் சேரவில்லை. அவனுக்கும் அவனுடைய மெக்கானிக்குக்கும் பந்தயத்துக்கு முந்தைய மாலைதான் பெரிய சண்டை. அவன் வேறு அணிக்குப் போவதாக இருந்தான். கோபத்தில் வண்டியை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

தாயும் தந்தையும் இல்லாத அவனை வளர்த்தது அவனுடைய அக்கா. இன்ஸ்பெக்டர் இதைக் கவனக்குறைவு என்றார். அக்காவோ கொலை என்றார். "வேணும்னே பண்ணினான்னு நிரூபிச்சுக் குடுங்க மேடம்" என்று ஸ்டெனோவின் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதவர் அவர்தாம். அன்று மாலை மெக்கானிக்கை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அதற்கு முன் ஏதாவது கிடைத்தால் கொலை வழக்கு. கிடைக்காவிட்டாலும் அவருக்குச் சிறை உறுதி.

"சில்லறை, பின்சக்கரத்துக்கிட்ட உக்காந்து பாருங்க."

சில்லறை உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் அவனுடைய புதுக் கால்சட்டை பின்புறம் நீளமாகக் கிழிந்த சத்தம் முற்றம் முழுதும் கேட்டது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேடம், முதல் சாட்சியம் வெளிவந்துடுச்சு."

"சாட்சியத்தைக் கோப்பால மூடிட்டு வேலையைப் பாருங்க."

சில்லறை பார்த்தான். பின்சக்கரத்தின் அச்சைத் தாங்கும் துளையோரத்தில் பழைய சேறு ஒரு விளிம்பாகப் படிந்திருந்தது. அச்சின் நட்டோ அந்த விளிம்பைவிட நகத்தளவு பின்னால் தள்ளி, பளபளவென்று துடைத்த உலோகத்தில் உட்கார்ந்திருந்தது.

"அச்சு முன்னாடி இங்க இருந்திருக்கு மேடம். அப்புறம் யாரோ பின்னால இழுத்திருக்காங்க."

"பின்னால இழுத்தா செயின் என்ன ஆகும்?"

"இறுகும்."

ஸ்டெனோ இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

"அவனே அப்புறமா இறுக்கியிருப்பான்," என்றார்.

"சண்டை முடிஞ்சதும் வண்டி வீட்டுக்குப் போயிடுச்சே சார். அவர் எப்பத் தொட்டார்?"

சில்லறை அதற்குள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தான். நடந்து போகும் நிலையில் அவன் இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்தான். "இந்தப் பக்கமும் அதே நகத்தளவுதான். ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே அளவு. போலீஸ் உறையில போட்டு வச்சிருக்கிற அறுந்த செயின் துண்டைப் பாருங்க, புது எண்ணெய். போட்டுட்டு வழிஞ்சதைத் துடைச்சிருக்காங்க. ஏன் மேடம், எதிரியா இருந்தா வந்தோமா, கெடுத்தோமா, ஓடினோமான்னு இருக்க மாட்டானா? இவன் அளவு பாத்து, எண்ணெய் விட்டு, துடைச்சு வேற வச்சிருக்கான். என் கல்யாண வேலையைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையா பாக்கல."

அவன் சிரிப்பை எதிர்பார்த்து நிமிர்ந்தான். ஸ்டெனோவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் அச்சின் நட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டின் மேலும் அதையொட்டிய உலோகத்தின் மேலும் சேர்த்து, மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இழுக்கப்பட்டிருந்தது.

"இது என்ன மேடம், நட்டுக்கு யாரோ மை தீட்டியிருக்காங்க?"

"அக்கறைன்னு சொன்னீங்க இல்ல சில்லறை? நல்ல வார்த்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் லாக்கப்பை நோக்கி நடந்தார்.

*

மெக்கானிக்கின் பட்டப்பெயர் சைலன்சர். சைலன்சர் கழன்ற வண்டி போலப் பேசுவதால் வந்த பெயர். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஸ்டெனோவைக் கண்டதும் இன்னும் உரக்க ஆரம்பித்தார்.

"யாரும்மா நீ? அவனோட அக்கா அனுப்பின ஆளா? என் கழுத்துக்குக் கயிறு அளக்க வந்தியா?"

"அளவு கேக்கத்தான் வந்தேன். மூணு விரல்னா எங்கேருந்து எங்க?"

சைலன்சரின் வாய் திறந்தபடி நின்றது.

"நேத்துலேருந்து கத்துறேன். இதை எவனும் கேக்கல," என்றார். பிறகு தம் வலக்கையின் மூன்று விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் கம்பிகளுக்கிடையே நீட்டினார். நகக்கண்களில் கரி ஏறியிருந்தது. "வண்டி ஸ்டாண்டுல நிக்கணும். பின்சக்கரம் தரையில படாம தொங்கணும். மேல செயின், கீழ ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தைப் புடிச்சுட்டு இருக்கிற நீளக் கை. ரெண்டுக்கும் நடுவுல இந்த மூணு விரல் உரசிக்கிட்டு உள்ள போகணும். ரோட்டு வண்டிக்காரன் பாத்தா, 'ஐயையோ, தொங்குதே'ம்பான். தொங்கணும்டா முட்டாளே! தொங்கலைன்னாதான் ஆபத்து!"

"ஏன் தொங்கணும்?"

சைலன்சர், கோப்பைப் பின்னால் பிடித்தபடி சுவரோடு சுவராக ஒட்டி நின்ற சில்லறையைப் பார்த்தார்.

"ஏன்யா, உன் பேண்டு ஏன் கிழிஞ்சுது?"

"உக்காந்தேன். கிழிஞ்சுது."

"நின்னப்போ?"

"நின்னப்போ கச்சிதமா இருந்துது. கண்ணாடியில பாத்தப்போ எனக்கே பொறாமையா இருந்துது."

"அவ்வளவுதாம்மா கதை. டர்ட் பைக் நின்னுட்டு இருக்கிற வண்டி இல்ல. மேட்டுலேருந்து குதிச்சு உக்கார்ற வண்டி. உக்காரும்போது பின்சக்கரம் மேல ஏறும். அப்ப எஞ்சின் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கூடும். நிக்கும்போது விட்ட தொய்வு அப்பத்தான் கை குடுக்கும். நிக்கும்போதே கச்சிதமா இழுத்து வச்சா, உக்காரும்போது செயினுக்குப் போக்கிடம் ஏது? அறுந்துட்டுத்தான் போகும்."

சில்லறைக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் நேற்றிலிருந்து தம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நிலையமே நம்பிக்கொண்டிருக்கிறது. அவரோ தாம் நிரபராதி என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"அச்சு நட்டுல மஞ்சள் கோடு போட்டது நீங்களா?" என்று கேட்டார் ஸ்டெனோ.

"கோடு போட நான் என்ன ஸ்கூல் வாத்தியாரா?"

"அப்ப, உங்களுக்கப்புறம் வண்டியைத் தொட்டது யாரு?"

சைலன்சர் கம்பியை விட்டுக் கையை எடுத்தார். சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? என் வேலை சரி. அதை மட்டும் எழுதிக்க."

அந்த ஒரு பதிலைத்தான் அவர் சாதாரணக் குரலில் சொன்னார்.

*

அக்காவின் வீடு, பிஸ்கட் தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில், பொட்டலங்களைச் சுமந்து ஓடும் கன்வேயர்களைப் பராமரிக்கும் ஃபிட்டர் அவர். கதவைத் திறந்தவர் இருவரையும் உள்ளே அழைத்து, நாற்காலியில் கிடந்த தம்பியின் துவைத்த சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அழுது ஓய்ந்த முகம். ஆனால் கேள்வியில் தளர்ச்சி இல்லை.

"கிடைச்சுதா மேடம்? வேணும்னேதான் பண்ணினான்னு ஏதாவது கிடைச்சுதா?"

ஸ்டெனோ காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். கிழிசலை மறைக்க வசதியாக எங்கே சாய்ந்து நிற்கலாம் என்று சில்லறை ஜன்னலருகே ஒதுங்கினான். ஜன்னல் கம்பியைச் சுவரோடு பிணைத்த போல்ட்டின் மீது ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அவன் திரும்பினான். கதவுக் கீலில் ஒன்று. கட்டிலின் கால் மூட்டில் ஒன்று. தலைக்கு மேலே மின்விசிறியைத் தாங்கும் கொக்கியின் நட்டிலும் ஒன்று.

அவன் வாயில் எந்த நகைச்சுவையும் வரவில்லை.

"அக்கா, இது... இந்தக் கோடெல்லாம் என்ன?"

"அதுவா? வேலைப் பழக்கம் தம்பி," என்றார் அவர், நினைவு வேறெங்கோ இருக்க. "நட்டை முடுக்கினதும் நட்டு மேலயும் பக்கத்துலயும் சேத்து ஒரு கோடு இழுத்துடுவோம். நட்டு தளர்ந்தா கோடு விலகிடும், தூரத்துலேருந்தே தெரிஞ்சுடும். கோடு போடாத நட்டை எங்க கன்வேயர் லைன்ல யாரும் நம்ப மாட்டோம்."

சில்லறை ஸ்டெனோவைப் பார்த்தான். 'வேண்டாம் மேடம், இப்படியே எழுந்து போய்விடலாம்' என்று அவன் கண்கள் கெஞ்சின. ஸ்டெனோ ஒரு கணம் கண்களை மூடித் திறந்தார்.

"நீங்க என்கிட்ட சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றேன்மா. 'செயின் தொங்கிட்டு இருந்ததை முந்தின நாள் சாயங்காலம் என் கண்ணால பாத்தேன்.' அதோட நிறுத்திட்டீங்க."

"ஆமா. பாத்தேன். அதான் சொல்றேனே, அவன் வேணும்னே..."

"பாத்துட்டு என்ன பண்ணினீங்க?"

அக்காவின் விரல்கள் சட்டையின் காலரைப் பிடித்தன.

"பாத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ஃபிட்டரை நான் இன்னும் பாக்கலம்மா."

"சரி பண்ணினேன்." குரல் தடித்தது. "அவன் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டான். வண்டி வராந்தாவுல நின்னுது. எப்படித் தொங்குச்சு தெரியுமா? இழுத்து முடுக்கினேன். ரெண்டு பக்கமும் அளந்து முடுக்கினேன். எண்ணெய் விட்டேன். காலையில அவன்கிட்ட சொன்னேன், 'உன் மெக்கானிக்கு லட்சணம் தெரியுது, நான் பாத்துட்டேன், நீ தைரியமா போ'ன்னு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? அந்த ஆளு தொங்க விட்டு ஓட்ட வச்சதுல செயின் முன்னாடியே வீணாப் போயிருக்கு. நான் கடைசி நேரத்துல இறுக்கியும் நிக்கல. கூடவே இருந்தும் காப்பாத்தத் துப்பில்லாதவள்னு ஸ்டேஷன்ல போய் நானே சொல்லணுமா?" அவர் மூச்சு வாங்கினார். "எங்க லைன்ல செயின் தொங்கி, சக்கரத்தோட பல்லைத் தாண்டி, என் பக்கத்துல நின்னவளுக்குக் கை போச்சு மேடம். நான்தான் துணியைச் சுத்தித் தூக்கிட்டு ஓடினேன். தொங்குற செயினைப் பாத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

 ஸ்டெனோ நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"உங்க கன்வேயர்ல, இந்த முனைப் பல்சக்கரத்துக்கும் அந்த முனைப் பல்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஓடும்போது மாறுமா?"

"அது எப்படி மாறும்? ரெண்டையும் தரையோட போல்ட் போட்டு இறக்கியிருக்கு. மாறவே கூடாது. மாறிச்சுன்னா செயின்..."

அக்கா நிறுத்தினார்.

மடியில் இருந்த அவருடைய வலக்கை மெல்ல எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கையை ஊன்றி, கையை மேலே தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பின்சக்கரம் மேலேறும் பாதை அது. அவர் ஃபிட்டர். அதற்கு மேல் அவருக்கு எவரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"குதிக்கும்போது அமுங்கும்," என்றார், தமக்குத் தாமே. "அமுங்கத்தான் அவ்வளவு பெரிய ஸ்பிரிங்கு வச்சிருக்கான். அமுங்கும்."

கை அந்தரத்திலேயே நின்றது. சில்லறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்ப்பதற்கு மதில் மட்டும்தான் இருந்தது. அதையே பார்த்தான்.

"அந்த ஆளை..." கையை இறக்கிவிட்டு அக்கா கேட்டார். "சாயங்காலம் கொண்டு போறாங்கன்னு சொன்னாங்களே. இன்னும் கொண்டு போகலயே?"

"இல்லம்மா. இன்னும் நேரம் இருக்கு."

அவர் எழுந்தார். சட்டைகளை மடித்துக் கட்டிலில் வைத்தார். முகம் கழுவி வந்தார். பூட்டைத் தேடி எடுத்து, வெளியே வந்து, கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்.

*

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். தம் நாற்காலியை அவர் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "அவரை இப்பவே விடச் சொல்லிட்டேன், புகாரை வாபஸ் வாங்கினாப் போதும். விபத்துன்னு முடிச்சுடலாம். நீங்க இதெல்லாம் சொல்லித்தான் ஆகணும்னு இல்ல."

"செயினை இறுக்கினது நான். எழுதுங்க சார்."

அறைக்குள் நிற்க முடியாமல் சில்லறை முற்றத்துக்கு வந்தான். விடுவிக்கப்பட்ட சைலன்சர் அங்கே படியில் உட்கார்ந்து, திருப்பிக் கொடுக்கப்பட்ட பெல்ட்டை இடுப்பில் கோத்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். முகத்தில் விடுதலை அடைந்தவரின் சாயலே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்றான் சில்லறை. "லாக்கப்புல அந்தக் கேள்விக்கு மட்டும் சத்தம் வரலையே."

சைலன்சர் சுற்றிலும் பார்த்தார்.

"சண்டை போட்டாலும் பந்தயத்துக்குப் போகாம இருப்பேனா? பந்தயம் கிளம்பற இரும்பு கேட்டுக்கிட்ட, செயின்ல விரல் விட்டுப் பாக்கக் குனிஞ்சேன். எப்பவும் பாப்பேன். கையைத் தட்டி விட்டுட்டான். 'தொடாதே, அக்கா பாத்தாச்சு'ன்னான். அப்புறம் பேச நேரமில்ல, கேட்டு கீழ விழுந்து பந்தயம் ஆரம்பிச்சுடுச்சு."

"இதைச் சொல்லியிருந்தா நேத்தே வெளிய வந்திருக்கலாமே ஐயா!"

"வந்திருக்கலாம்." அவர் பெல்ட்டின் கொக்கியை அழுத்தினார். "என் வேலை சரின்னு கத்தினாப் போதும், அவங்களே கண்டுபிடிச்சு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அந்தம்மா பேரை நான் எப்படிய்யா சொல்றது? அவனுக்கு வாயைத் திறந்தா அக்காதான். வேற பேச்சே கிடையாது."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்தார். ஸ்டெனோ ஓரடி பின்னால் வந்தார். மறுநாள் வந்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். சைலன்சர் எழுந்து நின்றார். அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்பார் என்று சில்லறை எதிர்பார்த்தான். அவர் கேட்டது வேறு.

"விழுந்ததும் மொதல்ல ஓடிப்போய்த் தூக்கினது நீங்கன்னு சொன்னாங்க. நான் உங்களைப் பிடிச்சுக் குடுத்துட்டேன், அதனால கேக்க முடியல. ஏதாவது சொன்னானா? விழுந்தப்புறம்? இல்ல கிளம்பறதுக்கு முன்னாடியாவது?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"என்னைப் பத்தி?"

"இல்லம்மா. ஹெல்மெட்டை மாட்டினான். கிளம்பினான். அவ்வளவுதான்."

அக்கா தலையசைத்தார். பிறகு சில்லறையைப் பார்த்தார்.

"இவர் உங்ககிட்ட ஏதோ சொல்லிட்டு இருந்தாரே தம்பி?"

"அதுவாக்கா?" நடத்துநராக இருந்த காலத்தில் ஆயிரம் பொய் சொல்லிப் பழகிய நாக்கு, இந்த ஒன்றுக்கு வறண்டது. "வீட்டுக்குப் போக எந்த பஸ்ஸுன்னு கேட்டாரு. சொல்லிட்டு இருந்தேன்."

சொல்லுக்குச் சொல் திருத்தும் ஸ்டெனோ, இதைத் திருத்தாமல் சாலையைப் பார்த்து நடந்தார்.

காவல் நிலையத்துக்கு எதிரிலேயே நிறுத்தம். நால்வரும் சாலையைக் கடந்தார்கள். பேருந்து வந்தது. அக்கா முன்வாசலில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் வைத்த தம் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். சைலன்சருக்கு இடம் விட்டிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

சைலன்சர் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். போகலாம் என்று நடத்துநருக்குக் கை காட்டினார். பேருந்து நகர்ந்தது.

"ஏன்யா ஏறல? உங்க பக்கம் போற பஸ்தானே?" என்றான் சில்லறை.

"அவ்வளவு தூரம் பக்கத்துல உக்காந்து வந்தா," என்றார் சைலன்சர், பேருந்து போன திசையைப் பார்த்தபடி, "உளறிடுவேன்யா."